பூட்டின வீட்டுக்கு மூன்று முறை

புறப்பாடு: சனிக்கிழமை இரவு, எழும்பூர்

நெல்லை எக்ஸ்பிரஸில் மேல் படுக்கை. எதிரே ஐயப்ப மாலை போட்ட நாலு பேர் சரணம் சொல்லி முடித்துவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டு வருஷம் கழித்து மறுபடி சர்வே களத்துக்குப் போகிறேன். இருபதுகளில் டீம் டீமாக ஊர் சுற்றி வீட்டுக்கு வீடு கேள்வி கேட்டவள்தான். அப்புறம் சென்னையில் மேஜை வேலை. களத்திலிருந்து வரும் பதில்களைச் சரிபார்ப்பது. 'தெரியாது' எத்தனை, 'பதிலில்லை' எத்தனை, எந்தப் பெண் ஒரு மணி நேரப் பேட்டியைப் பதினேழு நிமிஷத்தில் முடித்திருக்கிறாள் என்று பார்ப்பது. இப்போது ஒரு டீமின் சூப்பர்வைசருக்கு டெங்கு. ஒரு வாரத்துக்கு நீ போ என்று அனுப்பிவிட்டார்கள்.

யாருக்கான ஆய்வு என்று எழுத மாட்டேன். ஊர்ப் பெயரும் எழுத மாட்டேன். வீட்டு எண், வயது, யார் யாருக்கு என்ன உறவு என்பதையெல்லாம் மாற்றித்தான் எழுதப் போகிறேன். 'நீங்கள் சொல்வது வெளியே போகாது' என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறோம். அதை மீறி எழுதினால் அப்புறம் எந்த வாசலிலும் நிற்க முடியாது. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காடு என்பது மட்டும் போதும்.

இந்த மாதிரி ஆய்வு நம் நாட்டுக்குப் புதிதில்லை. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் காலத்தில், 1950ல், தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1992-93ல் தேசியக் குடும்ப நல ஆய்வின் முதல் சுற்று. 2019-21ல் அதன் ஐந்தாவது சுற்றில் மட்டும் 6,36,699 வீடுகள். சாப்பாடு, சம்பாத்தியம், பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்று தொடங்கியவை, போகப் போக மனசுக்குள் இருப்பதையும் கேட்க ஆரம்பித்தன. எங்கள் கேள்வித்தாளிலும் அப்படித்தான், பாதி நடத்தை, பாதி எண்ணம். நேற்று என்ன செய்தாய், இதைப் பற்றி என்ன நினைக்கிறாய்.

முதல் நாள்: ஞாயிறு

டீமில் இரண்டு பெண்கள், ஒரு பையன், டிரைவர் அண்ணன். பெண்களில் பெரியவள் மதுரைக்காரி, இது அவளுக்கு ஆறாவது சர்வே. சின்னவள் விருதுநகர்ப் பக்கம், எம்.எஸ்.டபிள்யூ என்ற சமூகப்பணி மேற்படிப்பு முடித்து நேராக வந்திருக்கிறாள். பையனுக்கு எந்த ஊரிலும் டீக்கடையில் ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிடுகிறார்.

லாட்ஜ் மொட்டை மாடியில் உட்கார்ந்து கேள்விகளை ஒருமுறை வாய்விட்டு வாசித்தோம். சின்னவள் ஒரு கேள்வியில் நின்றாள். 'பொதுவாகப் பேசும்போது, பெரும்பாலான மக்கள் நம்பப்படக்கூடியவர்கள் என்று சொல்வீர்களா?' "இது என்னக்கா தமிழ்? 'முக்காவாசிப் பேரை நம்பலாமா'ன்னு கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

மோசமான தமிழ்தான். ஆனால் மூன்று சுற்றாக அதே மோசமான தமிழ். இந்தச் சுற்றில் அழகாக்கினால், வரும் மாற்றம் மக்கள் மாறியதால் வந்ததா, வாக்கியம் மாறியதால் வந்ததா என்று சொல்ல ஆளில்லை. அமெரிக்காவில் ஜெனரல் சோஷியல் சர்வே என்று ஒன்று 1972லிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறது. 'நம்பலாம்' என்றவர்கள் அன்றைக்கு 46 சதவீதம், 2018ல் 34. அந்த இறக்கத்தைப் பற்றி இன்றைக்குத் தைரியமாகப் பேச முடிகிறதென்றால், நடுவில் யாரும் வாக்கியத்தில் கை வைக்காததும் ஒரு காரணம். அங்கேயே இன்னொரு கதை: ஏழைகளுக்கான உதவிக்கு அரசு போதுமான அளவு செலவழிக்கிறதா என்று பாதிப் பேரிடம் கேட்டார்கள். மீதிப் பேரிடம் 'ஏழைகளுக்கான உதவி' என்பதை எடுத்துவிட்டு 'வெல்ஃபேர்' என்று மட்டும் போட்டுக் கேட்டார்கள். முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் இன்னும் கொடுக்கணும் என்றார்கள். இரண்டாம் கூட்டத்தில் அப்படிச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரே நாடு, ஒரே வருஷம், ஒரே ஒரு சொல்.

சின்னவளுக்கு அரைமனசு. மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

கடலைமிட்டாய் வாங்கியாயிற்று. யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள்: திங்கள்

ராத்திரி பெய்த மழையில் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நாலு அடி வைத்தால் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடுகிறோம். ஊருக்குள் போகும்போது ஆளே இல்லை. உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் களையெடுப்பு. இருப்பவர்கள் நூறு நாள் வேலையில். வீட்டில் கிழவிகளும் கோழிகளும்.

எங்களுக்குக் கொடுத்த வரைபடம் 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. 2021ல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால், நாடு முழுக்க சர்வே செய்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பழைய சட்டியில்தான் சமைக்கிறார்கள். வரைபடத்தில் 'காலி நிலம்' என்று இருக்கும் இடத்தில் இப்போது ஒரு மில்லும் அதன் ஹாஸ்டலும். வாசலில் செக்யூரிட்டி. ஹாஸ்டல் எங்கள் ஆய்வில் 'வீடு' ஆகாது, அதனால் உள்ளே இருக்கும் பெண்கள் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுடைய சொந்த ஊரில் எங்களை மாதிரி ஒரு டீம் போய்க் கேட்டால், 'அவ மில்லுல இருக்கா' என்பார்கள். அங்கேயும் விட்டுப்போகும்.

'வீடு' என்றால் என்ன என்பதற்கு எங்கள் தொழிலில் கூரை கணக்கில்லை, அடுப்புதான் கணக்கு. ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இன்றைக்கு ஒரு வீட்டில் முன்கட்டில் மாமியார், பின்கட்டில் மருமகள், நடுவில் ஒரு தென்னந்தட்டி. "எத்தனை அடுப்பு?" என்றேன். "ரேஷன் கார்டுக்கு ரெண்டு, சாப்பாட்டுக்கு ஒண்ணு" என்றார் மாமியார். "பொங்கலுக்குப் பெறகு ரெண்டும் ஒண்ணாயிரும்" என்று பின்கட்டிலிருந்து சத்தம் வந்தது. "ஆகாது" என்றார் மாமியார். நேற்று ராத்திரி எந்த அடுப்பில் சோறு என்பதை வைத்துத் தீர்மானித்தோம்.

அடுத்து, வீட்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். ஃபிரிட்ஜ், பைக், கிரைண்டர். இதில் பொய் வராத வீடு குறைவு, அதற்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு டேப்லெட்டோடு வாசலில் நிற்கும் எவரும் அந்த ஆயிரம் ரூபாயை நிறுத்த வந்தவர்தான். ஒரு அக்கா, துணி போர்த்தி மூடியிருந்த ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றுகொண்டே "அதெல்லாம் ஏது தாயி நம்மகிட்ட" என்றார். உள்ளே கம்ப்ரெசர் ஓடுகிற சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. சொன்னதைத்தான் பதிய வேண்டும். பதிந்தோம்.

பதினாலாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. காலை பதினொன்றேகால். பக்கத்து வீட்டு ஆச்சி, "அந்தப் பிள்ளை மில்லுக்குப் போயிருக்கும், நீங்க எங்க வீட்ல கேளுங்களேன், நான் சும்மாதான இருக்கேன்" என்றார். முடியாது என்று சொல்லும்போது அவர் முகம் சுருங்கியது.

பூட்டின வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டை எடுக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் சட்டம். பகலில் திறந்திருக்கும் வீடுகளையே எடுத்துக்கொண்டு போனால், தமிழ்நாட்டில் எல்லோரும் அறுபது வயது தாண்டியவர்கள், எல்லோரும் கோழி வளர்க்கிறார்கள் என்று அறிக்கை வரும். வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும். பிறகுதான் 'பூட்டு' என்று எழுதலாம்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்கல்ல ஆச்சி, அதுமாதிரிதான். எல்லா வீட்லயும் கேக்க வேண்டியதில்லை" என்று சமாதானம் சொன்னாள் சின்னவள்.

"கிண்டிவிட்டுப் பதம் பாக்கணும் தாயி" என்றார் ஆச்சி. "கிண்டாத பானையில மேல நறுக்கரிசி, அடியில குழைசோறு."

நான் மூன்று வருஷம் புள்ளியியல் படித்தேன்.

மூன்றாம் நாள்: செவ்வாய்

இன்றைக்கு நேரக் குறிப்பு. நேற்று விடியற்காலை நாலு மணியிலிருந்து இன்று விடியற்காலை நாலு மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம், ஆக 48 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதே நாலு மணிக் கணக்குதான். அதற்கு முன்பே 1998-99ல் ஆறு மாநிலங்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று.

கடிகாரம் பார்த்து வாழ்கிறவர்களுக்கு இது சுலபம். இங்கே கடிகாரம் வேறு. "எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்றால் விழிக்கிறார்கள். "நேத்து எழுந்தப்போ என்ன சத்தம் கேட்டுச்சு?" என்றால் வந்துவிடுகிறது. மதுரைக்காரி முதல் வேலையாக டீக்கடையில் உட்கார்ந்து ஊரின் மணியை எழுதிக்கொண்டாள். ஐயப்பன் பஜனை ஸ்பீக்கர் நாலரை. பால் சொசைட்டி ஐந்தே முக்கால். மில் வேன் ஆறரை. ஸ்கூல் வேன் எட்டு பத்து. நூறு நாள் வேலையில் ஆள் வந்ததற்குச் செல்போனில் எடுக்கும் முதல் போட்டோ, பிறகு மத்தியானத்துக்கு மேல் இரண்டாவது போட்டோ. தெருக்குழாய் வரும் நேரம் மட்டும் நாளுக்கொரு விதம். ராத்திரி சீரியல் வரிசை. அதில் அரை மணி பிசகாது. அரசாங்கம் போட்ட கட்டத்தோடு டிவிக்காரர்கள் போட்ட கட்டம் அப்படியே பொருந்துகிறது.

டேப்லெட் ஒரு வீட்டில் இருபத்து மூன்று வயது மருமகளைத் தேர்ந்தெடுத்தது. நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டில் பதினெட்டு தாண்டியவர்களின் பட்டியலைப் போட்டால் அது ஒருவரைச் சுட்டும். "அவளுக்கு என்ன தெரியும், எங்கிட்ட கேளுங்க" என்றார் மாமனார். "நேத்து அவங்க என்ன செஞ்சாங்கன்னு அவங்களுக்குத்தானேய்யா தெரியும்" என்றான் எங்கள் பையன். அவரைத் திண்ணைக்கு அழைத்துப் போய் மக்காச்சோளத்தில் படைப்புழு பற்றிப் பேச ஆரம்பித்தான்.

முதல் சுற்றில் அந்தப் பெண் சொன்னது ஏழே வேலை. எழுந்தேன், சமைத்தேன், பிள்ளையை அனுப்பினேன், துவைத்தேன், சமைத்தேன், டிவி பார்த்தேன், படுத்தேன். பெரியவள் அவசரப்படவில்லை. "பால் வண்டி வந்தப்ப எங்க இருந்தீங்க?" "மாட்டுக்கிட்ட." "மில் வேன் போனப்ப?" "வாசல்ல... இல்ல, வேனுக்கு அவருக்குச் சோத்துப்பை கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்." "சீரியல் பாக்கும்போது கை சும்மா இருந்துச்சா?" "கொத்தவரங்கா ஆஞ்சேன். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் எழுதணுமா?" ஒரே அரை மணிக் கட்டத்தில் மூன்று வேலைகள். எது முக்கிய வேலை என்று டேப்லெட் கேட்டது. அவளும் யோசித்தாள். "சீரியல்தான்" என்றாள். அதையே பதிந்தோம்.

மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் பார்த்த எண்கள்: வீட்டு வேலை செய்த பெண்களுக்கு 2019ல் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், வீட்டு வேலை செய்த ஆண்களுக்கு 97. 2024ல் அதே ஆய்வை மறுபடி செய்தபோது 289, 88. பெண்களின் சுமை பத்து நிமிஷம் குறைந்துவிட்டது என்று தலைப்பு போடலாம். கழித்துப் பாருங்கள். முதலில் வித்தியாசம் 202 நிமிஷம், ஐந்து வருஷம் கழித்து 201. அதிலும் இது வீட்டு வேலையில் கை வைத்தவர்களின் சராசரி. 2019ல் கை வைத்த பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26. அந்த 289க்குள் சீரியல் நேரத்துக் கொத்தவரங்காய் எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன்.

திண்ணையில் மாமனாரின் பேச்சு இன்னும் படைப்புழுவைத் தாண்டவில்லை.

நான்காம் நாள்: புதன்

மழை. ஓடையில் தண்ணீர் வந்து வண்டி போகவில்லை. லாட்ஜில் உட்கார்ந்து பிழை திருத்தினோம். சாயங்காலம் வெறித்ததும் ஐந்தரை மணிக்குப் பதினாலாம் எண் வீட்டுக்கு இரண்டாம் முறை. பூட்டு. வாசலில் கோலம் இருந்தது, மழையில் பாதி கரைந்து. ஆக ஆள் இருக்கிறார், நாங்கள் இருக்கும் நேரத்தில் இல்லை. "ஓவர்டைம்" என்றார் ஆச்சி. எங்களுக்குச் சுக்குக்காப்பி கொடுத்தார். தன்னிடம் எதுவும் கேட்கவில்லை என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஐந்தாம் நாள்: வியாழன்

இன்றைக்குப் பக்கத்து ஊர். எண்ணம் பற்றிய பகுதி. ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

கணவன் மனைவியை அடிப்பது பற்றித் தேசியக் குடும்ப நல ஆய்வு ஏழு காரணங்களைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் 'நியாயமா' என்று கேட்கிறது. சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமல் விடுவது, எதிர்த்துப் பேசுவது, உறவுக்கு மறுப்பது, ஒழுங்காகச் சமைக்காதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது. 2019-21ல் இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்ற பெண்கள் நாட்டில் 45 சதவீதம், ஆண்கள் 44. அதற்கு முந்தைய சுற்றில் 52, 42. பெண்கள் இறங்கியிருக்கிறார்கள், ஆண்கள் கொஞ்சம் ஏறியிருக்கிறார்கள். தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் பெண்களில் 84 சதவீதம். படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கும் நம் மாநிலமும் இதில் தேசியச் சராசரிக்கு வெகு மேலே. ஒவ்வொரு முறை அறிக்கை வரும்போதும் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து அதிர்ச்சி அடைகிறார்கள்.

எங்கள் தாளில் நாலு காரணங்கள். இதைக் கேட்கும்போது வேறு யாரும் காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. யாராவது வந்துவிட்டால் சட்டென்று மாற்ற ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திருக்கிறோம்: 'சமையலுக்கு என்ன எண்ணெய் ஊத்துறீங்க?' இன்றைக்கு ஒரே வீட்டில் மூன்று முறை எண்ணெய்க்குத் தாவ வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை கொல்லைப்புறமாக வந்த நாத்தனார், "எத்தனை எண்ணெய்தான் ஊத்துவோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி வீட்டில் நாற்பது வயதுப் பெண். சின்னவள் கேட்டாள், தாளில் உள்ளபடியே. "மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காவிட்டால் கணவர் மனைவியை அடிப்பது நியாயம் என்று நினைக்கிறீர்களா?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "ஊர்ல நடக்குறதச் சொல்லணுமா, எனக்குத் தோணுறதச் சொல்லணுமா?"

சின்னவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். விளக்கம் கேட்டால் கேள்வியை அப்படியே மறுபடி வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. பயிற்சியில் நானே சொல்லிக்கொடுத்த விதி. சின்னவள் மறுபடி வாசித்தாள்.

"அப்ப ஆமா" என்றார் அந்த அம்மா.

வங்கதேசத்தில் இதே மாதிரிக் கேள்வியைத் தோண்டிப் பார்த்தவர்கள், நிறையப் பெண்கள் தங்கள் கருத்தைச் சொல்லாமல் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார்கள், கேள்வியை விரித்துக் கேட்டால் பதில் மாறுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். படித்திருக்கிறேன். படிப்பதும் எதிரில் உட்கார்ந்து அந்த 'அப்ப'வைக் கேட்பதும் ஒன்றா? டேப்லெட்டில் 'ஆம்' என்ற கட்டம் இருக்கிறது. 'அப்ப ஆமா' இல்லை.

இதனால் எண்ணே பொய் என்று சொல்ல வரவில்லை. 45 என்பதில் எத்தனை பேர் தன் மனசைச் சொன்னார்கள், எத்தனை பேர் ஊரைச் சொன்னார்கள் என்று பிரிக்க என்னால் முடியாது. ஆனால் 52 என்பது 45 ஆனது பொருட்படுத்த வேண்டியது. ஊரைச் சொன்னவர்கள் குறைந்திருந்தால் அதுவும் ஒரு சேதிதானே. தனியே நிற்கும் ஒற்றை எண்ணைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

மத்தியானம் இன்னொன்று. தீண்டாமை பற்றி நேராகக் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள். 2011-12ல் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு சுமார் 42,000 வீடுகளில் கேட்டது. முதலில் நேராக, 'உங்கள் வீட்டில் யாராவது கடைப்பிடிக்கிறார்களா?' இல்லை என்றவர்களிடம் இரண்டாவதாக, 'தலித் ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் புழங்கினாலோ பிரச்சினையா?' இரண்டையும் சேர்த்தால் 27 சதவீத வீடுகள் ஆம் என்றன. எங்கள் தாளிலும் அதே இரட்டைக் கேள்வி. நல்ல காற்றோட்டமான வீடு, படித்த பெரியவர். முதல் கேள்விக்கு, "அதெல்லாம் அந்தக் காலம்மா, இப்ப ஏது" என்றார். இரண்டாவதுக்கு, "பிரச்சினைன்னு இல்ல... சாமி படம் அடுப்படியில இருக்கு பாருங்க, அதான்" என்றார்.

இன்னொரு பக்கம் அவர்களும் எங்களை சர்வே எடுக்கிறார்கள். அவர்கள் தாளில் மூன்றே கேள்வி: எந்த ஊர், அங்கே எந்தத் தெரு, குலசாமி எது. அதோடு சாம்பிளும் முடிந்தது, முடிவும் வந்தது. அந்த வீட்டில் எங்கள் மூவருக்கும் தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. நாலாமவருக்கு, குலசாமி பெயரை உள்ளது உள்ளபடி சொன்னவருக்கு, பேப்பர் கப். "டம்ளர் பத்தல" என்றார்கள். இருக்கலாம். டீக்கடைகளில் எல்லோருக்கும் பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளை பற்றிய பழைய கேள்விக்கு 'இல்லை' என்று எல்லோராலும் உண்மையாகவே சொல்ல முடிகிறது. நடத்தை ஆளுக்கு முன்னால் ஓடிவிடுகிறது, நாங்கள் பத்து வருஷப் பழைய தாளோடு பின்னால் வருகிறோம்.

வண்டியில் திரும்பும்போது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டிரைவர் அண்ணன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

ஆறாம் நாள்: வெள்ளி

இலகுவான நாள். ஏணிப்படம் காட்டினோம். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உச்சி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த வாழ்க்கை, அடி மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஹேட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்கர் போட்ட ஏணி, உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது.

அறுபத்தைந்து வயதுப் பனையேறி ஐயா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏணியில ஏறிப் பழக்கமில்லையே. கால்ல மாட்டுற தளைநார்தான்" என்றார். பையன் பொறுமையாக மறுபடி சொன்னான். "நாலு போட்டுக்க. பத்துல நிக்கிறவன் எதப் புடிச்சிட்டு நிப்பான்?" நாலு பதிந்தோம். திருப்திக் குறைவு என்று கணினி எண்ணிக்கொள்ளும். மனுஷர் சிரித்துக்கொண்டே நுங்குக் காலத்தில் வரச் சொல்லி அனுப்பினார்.

நம்பிக்கைக் கேள்விக்கும் இங்கே ஒரு பொதுப் பதில் இருக்கிறது: "நம்பலாம், ஆனா சூதானமா இருக்கணும்." தாளில் நம்பலாம் ஒரு கட்டம், சூதானம் இன்னொரு கட்டம். இரண்டையும் அழுத்தினால் டேப்லெட் சிவப்பாகிறது. பல வீடுகளில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. எங்கள் கேள்வியைத் தமிழில் கேட்டு, தெலுங்கில் கூடிப் பேசி முடிவெடுத்து, தமிழில் ஒருவர் அறிவிக்கிறார். ஒருவர் கருத்தை எடுக்கப் போய்க் குடும்பத் தீர்மானத்தோடு வருகிறோம்.

சாப்பாட்டின்போது பழைய கதை ஒன்று சொன்னேன். தேர்தல் சமயத்தில் சி.எஸ்.டி.எஸ்-லோக்நீதி என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் நடத்தும் ஆய்வுகளில் யாருக்கு ஓட்டு என்று வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மறைவாகக் குறித்து, கையோடு கொண்டுபோகும் பெட்டியில் போடச் சொல்வார்கள். இன்றைக்கு அடுப்படிக் கேள்வியையும் அடிக்கும் கேள்வியையும் அப்படிப் பெட்டியில் போடச் சொன்னால் என்ன வரும் என்று சின்னவள் கேட்டாள். நல்ல கேள்வி. சென்னைக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வாக்கியத்தை மாற்றக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவளே முறையை மாற்றச் சொல்கிறாயே என்று கேட்பார்கள். பாதி வீட்டில் பழையபடி, பாதி வீட்டில் பெட்டி என்று வைத்தால் இரண்டையும் ஒப்பிடலாமே என்று சொல்லத் தயாராக இருக்கிறேன்.

ஏழாம் நாள்: சனி

நாளைக் காலை ரயில். மீதி இருப்பது பதினாலாம் எண் மட்டும்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் போய் ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம், நானும் சின்னவளும். இரவில் பெண்களை உட்கார வைத்ததற்கு டிரைவர் அண்ணன் என்மேல் கோபமாக இருந்தார்; ஹெட்லைட்டைப் போட்டபடியே வண்டியை நிறுத்தியிருந்தார். பத்து ஐம்பதுக்கு மில் வேன் வந்தது. இறங்கியது ஒரே ஒருத்தி. முப்பது வயதுக்குள் இருக்கும். தலையில் பஞ்சுத் தூசி. எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. ஆச்சி ஏற்கெனவே போனில் சொல்லியிருக்கிறார்.

பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டு, பாய் விரித்து, உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். சின்னவள் சம்மதப் பகுதியை வாசித்தாள். வாரம் முழுக்க வாசித்ததுதான், எந்த வீட்டிலும் யாரும் காது கொடுத்ததில்லை, 'சரி சரி, கேளுங்க' என்று பாதியிலேயே சொல்லிவிடுவார்கள். இவள் சுவரில் சாய்ந்துகொண்டு முழுதும் கேட்டாள். "இதில் பங்கேற்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் உங்களுக்கு எந்த இழப்பும் வராது."

"வேண்டாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது."

"அப்ப வேண்டாம்க்கா" என்றாள். சிரித்தாள். "தப்பா நினைக்காதீக. மூணு தடவை வந்திருக்கீக. சாப்பிட்டீகளா? ரசம் இருக்கு."

சின்னவள் என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்கலாம், பத்தே நிமிஷம் என்று சொல்லலாம், ஆச்சியை விட்டுச் சொல்லச் சொல்லலாம். மேஜையில் இருந்தபோது மறுப்பு அதிகம் வந்த டீமுக்கு நானே காட்டமாக மெயில் போட்டிருக்கிறேன். இப்போது தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

டேப்லெட்டில் 'மறுப்பு' அழுத்தியதும் காரணம் கேட்டது. நேரமில்லை, விருப்பமில்லை, குடும்பத்தார் தடுத்தனர், மற்றவை.

"என்ன காரணம்னு போடட்டும்க்கா?" என்று சின்னவள் அவளிடமே கேட்டாள்.

"தூக்கம்" என்றாள் அவள்.

'மற்றவை'யைத் தொட்டு சின்னவள் அதை எழுத்துக் கூட்டித் தட்டினாள். நாங்கள் செருப்பை மாட்டுவதற்குள் லைட் அணைந்துவிட்டது.